புகைபோக்கியும் எண்ணெய்ப்புகைக் குழாயும்: இரத்மலானையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை

சூடான வாயுவை மனிதர் மூச்சு விடும் இடத்திலிருந்து மேலே கொண்டுபோய் விடுவதுதான் தொழிற்சாலைப் புகைபோக்கியின் வேலை. சாப்பாட்டுக் கடைச் சமையற்கட்டின் எண்ணெய்ப்புகைக் குழாய்க்கும் அதே வேலைதான். ஆனால் இரண்டின் ஆபத்தும் வேறு வேறு. புகைபோக்கியைக் காற்று ஆட்டும், துரு தின்னும். அது விழுந்தால் ஆட்களைக் கொல்லும், குட்டையாக நின்றால் புகையை அயல்வீட்டுக்குள் இறக்கும். எண்ணெய்ப்புகைக் குழாயின் ஆபத்து அதன் உள்ளேயே படிகிறது. சட்டியிலிருந்து ஆவியாக ஏறும் எண்ணெய் தகட்டில் பிசுக்காக ஒட்டி, நாளடைவில் குழாய் முழுவதையும் எரிபொருள் நிரம்பிய பாதையாக மாற்றிவிடுகிறது. ஆகவே புகைபோக்கியை உள்ளே குளிரவிடாமல் கட்ட வேண்டும். எண்ணெய்ப்புகைக் குழாயை எப்படிக் கட்டினாலும் அது குளிரும், அதில் பிசுக்கு படியும். அதனால் அதைத் துப்புரவாக்க வசதியாகவும், என்றாவது உள்ளே தீப்பிடித்தாலும் வெளியே பரவாதபடியும் கட்ட வேண்டும்.

கொழும்பில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. இரத்மலானையில் ரயில்வே வேலைத்தளமும் பல தொழிற்சாலைகளும் இருக்கின்றன. அங்கிருந்து காலி வீதியால் வடக்கே வந்தால், சில கிலோமீற்றரில் வெள்ளவத்தையின் சைவக் கடைகளும் கொத்து ரொட்டிக் கடைகளும் தொடங்கிவிடும். நகரின் மறுமுனையில் கொட்டாஞ்சேனையிலும் அதே நெருக்கம், அதே எண்ணெய்ச் சட்டிகள். வெள்ளவத்தையிலும் ஒரு காலத்தில் பெரிய நூற்பு நெசவு ஆலை இருந்தது. அந்தக் காணியில் இன்று ஹவ்லொக் சிட்டி மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஆலைகள் அகன்ற இடங்களில் வீடுகளும் சமையற்கட்டுகளும் அடர்ந்துவிட்டதால், புகையை எங்கே விடுவது என்ற கேள்வி முன்னைவிடச் சிக்கலாகியிருக்கிறது.

புகைபோக்கி புகையை இழுப்பதற்குக் காரணம் எடை வித்தியாசம். சூடான வாயு இலேசானது, வெளியே நிற்கும் காற்று பாரமானது. பாரமான காற்று அடியில் புகுந்து இலேசானதை மேலே தள்ளுகிறது. 30 மீற்றர் உயரமான ஒரு புகைபோக்கியில் 200 பாகை செல்சியஸ் புகை ஏறுவதாகவும் வெளியே 30 பாகை வெப்பம் நிலவுவதாகவும் கொண்டால், வெளிக்காற்று கனமீற்றருக்கு ஏறத்தாழ 1.16 கிலோகிராம், உள்ளே இருக்கும் வாயு 0.75 கிலோகிராம். இந்த வித்தியாசத்தால் கிடைக்கும் இழுவை சுமார் 120 பஸ்கால். இதே புகைபோக்கி வெளியே 0 பாகை குளிருள்ள ஊரில் நின்றால் இழுவை 160 பஸ்காலாக இருக்கும். குளிர்நாட்டு அட்டவணையைப் பார்த்து அளவு எடுத்த புகைபோக்கி கொழும்பில் கால் பங்கு குறைவாக இழுக்கிறது என்பதே இதன் பொருள். இழுவை போதாவிட்டால் அடுப்பு மூச்சுத் திணறும். அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டை உண்டாக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த நஞ்சு கொதிகலன் அறைக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டு கொதிகலன்களை ஒரே புகைபோக்கியில் இணைக்கும்போது, ஓய்வில் இருக்கும் கொதிகலனின் வழியே புகை பின்னோக்கி வராமல் அடைக்கும் கதவு வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

இழுவைக்குத் தேவையான உயரம் வேறு, அயலவரைக் காக்கத் தேவையான உயரம் வேறு. காற்று ஒரு கட்டடத்தைத் தாண்டும்போது அதன் மறுபக்கத்தில் கீழ்நோக்கிச் சுழல்கிறது. புகைபோக்கியின் வாய் அந்தச் சுழலுக்குள் இருந்தால் புகை மேலே போகாது. வாசலுக்கும் யன்னலுக்கும் இறங்கிவிடும். அகலமான கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் புகைபோக்கி கட்டட உயரத்தின் இரண்டரை மடங்கு இருந்தால் இந்தச் சுழலிலிருந்து தப்பும் என்பது பொறியியலாளரின் பழைய விதி. 10 மீற்றர் உயரத் தொழிற்சாலைக்கு 25 மீற்றர் என்று கணக்காகிறது. வெளியேறும் புகையின் வேகமும் முக்கியம்: வாயில் வீசும் காற்றைப் போல ஒன்றரை மடங்கு வேகமாவது புகைக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது புகைபோக்கியின் முதுகிலேயே வழிந்து இறங்கும்.

எரிபொருளில் கந்தகம் இருந்தால் கணக்கு மேலும் கூடுகிறது. இந்தியாவில் வழங்கும் சூத்திரம் எளிமையானது: ஒரு மணி நேரத்தில் வெளியேறும் கந்தகவீரொட்சைட்டைக் கிலோகிராமில் எடுத்து, அதன் 0.3 ஆம் அடுக்கை 14 ஆல் பெருக்கினால் மீற்றரில் உயரம் வரும். மணிக்கு 10 கிலோகிராம் என்றால் 28 மீற்றர். 100 கிலோகிராம் என்றால் 56 மீற்றர். மாசு பத்து மடங்காகும்போது உயரம் இரண்டு மடங்கானால் போதும் என்கிறது இந்தச் சூத்திரம். இதைப் படிக்கும் ஆலை முதலாளிக்குப் புகையைச் சுத்தப்படுத்துவதைவிடப் புகைபோக்கியை நீட்டுவது மலிவாகத் தோன்றும். மேலை நாடுகளில் பல ஆண்டுகள் இதுதான் நடந்தது. ஊர் தப்பியது, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் அமில மழை பெய்தது.

இரத்மலானையில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அங்கே 1935 முதல் விமானங்கள் இறங்குகின்றன. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள தடைகளுக்கான சர்வதேச விதிப்படி, இரத்மலானை ஓடுபாதையின் அளவுக்கு அதைச் சுற்றி ஏறத்தாழ 4 கிலோமீற்றர் ஆரைக்குள் விமானத் தளத்தின் மட்டத்திலிருந்து 45 மீற்றருக்கு மேல் எழும்பும் எதுவும் தடையாகக் கொள்ளப்படும். ஓடுபாதையின் இரு பக்கங்களிலும் விமானம் இறங்கி ஏறும் திசைகளிலும் எல்லை இன்னும் தாழ்வானது. ஆகவே அங்கே புகைபோக்கி எழுப்புவதற்கு முன்பு சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் உயர அனுமதி வேண்டும். புகைபோக்கி எல்லைக்குள் நின்றாலும் அதைத் தூக்கி நிறுத்தும் கிரேனின் கை அதைவிட உயரும்; சில நாள் வேலைக்கு வரும் அந்தக் கிரேனுக்கும் தனியே அனுமதி தேவை. இதைக் கடைசி நேரத்தில் நினைப்பவர்களின் வேலை தடைப்படுகிறது. உயரத்துக்கு விமானங்களால் மேல் எல்லை, மாசால் கீழ் எல்லை என்று இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட தொழிற்சாலைக்கு மிச்சமிருப்பது நல்ல வழிதான்: கந்தகம் குறைந்த எரிபொருளும், புகை மேலே ஏறுவதற்கு முன்பே தூசியைப் பிடிக்கும் சூறைப்பிரிப்பானும் பை வடிகட்டியும்.

இலங்கையில் இதற்கான சட்டக் கட்டமைப்பு 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்திலிருந்து வருகிறது. அதன் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை வழங்குகிறது. நிலையான மூலங்களிலிருந்து வெளியேறும் புகைக்கான ஒழுங்குவிதிகள் 2019 இல் வர்த்தமானியில் வெளிவந்தன. வரம்புக்குள் இருக்கிறதா என்று அளப்பதற்குப் புகைபோக்கியிலேயே துளையும் மேடையும் ஏணியும் அமைக்க வேண்டும். அளவைத்துளை வளைவுக்கோ இணைப்புக்கோ பிறகு எட்டு விட்டத் தூரத்திலும், ஓட்டத்தைக் குழப்பும் அடுத்த இடத்துக்கு அல்லது வாய்க்கு இரண்டு விட்டம் முன்னாகவும் இருப்பது நல்லது. அங்கேதான் புகை சீராக ஓடும். புகைபோக்கியை எழுப்பிய பிறகு துளை போடுவதானால் சாரம் கட்டி, அரித்த தகட்டில் வெல்டிங் செய்ய வேண்டிவரும்.

காற்றைப் பொறுத்தவரை கொழும்பு ஓரளவு பாதுகாப்பான இடம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய பிறகு, 1980 இல் வெளியான கட்டட வடிவமைப்புக் கைந்நூல் நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை முதல் வலயம், கொழும்பு மூன்றாவது. மூன்றாவது வலயத்தின் சாதாரண கட்டடங்களுக்குச் செக்கனுக்கு 33 மீற்றர் வேகம் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது, கிழக்குக் கரைக்கு 49. ஆனால் மெல்லிய உருக்குப் புகைபோக்கியைப் புயலைவிடச் சாதாரணக் காற்றே அதிகம் சோதிக்கும். காற்று ஓர் உருளையைக் கடக்கையில் அதன் இரு புறத்திலும் மாறி மாறிச் சுழிகள் கழன்று செல்கின்றன. ஒவ்வொரு சுழியும் உருளையைப் பக்கவாட்டில் மெல்ல இழுக்கிறது. அந்த இழுப்பின் தாளமும் புகைபோக்கி இயல்பாக ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஆட்டம் பெருகும். 1 மீற்றர் விட்டமும் செக்கனுக்கு ஒரு தடவை ஆடும் இயல்பும் கொண்ட புகைபோக்கிக்கு அந்தக் காற்றின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர், அதாவது மணிக்கு 18 கிலோமீற்றர். கடலோர ஊரில் இது யாரும் கவனிக்காத காற்று. நாள்தோறும் இப்படி ஆடும் புகைபோக்கியின் அடி வெல்டிங்கில் மயிரிழை வெடிப்புகள் தோன்றி, வருடக்கணக்கில் வளர்ந்து, ஒரு நாள் திடீரென்று முறியும்.

இதற்கான மருந்தைப் பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிறிஸ்ரோபர் ஸ்குருட்டன் 1950களில் கொடுத்தார். புகைபோக்கியின் மேல் மூன்றிலொரு பங்கில், விட்டத்தின் பத்திலொரு பங்கு அகலமான மூன்று தகட்டுப் பட்டிகளைத் திருகுச் சுருளாகச் சுற்றி ஒட்டினால், சுழிகள் ஒரே நேரத்தில் கழலாமல் சிதறிவிடும். உலகெங்கும் உருக்குப் புகைபோக்கிகளில் காணும் அந்தச் சுருள் அழகுக்காக வைத்ததல்ல. அதற்கு ஒரு விலையும் உண்டு: பட்டிகள் காற்றைக் கூடுதலாகப் பிடிப்பதால் அத்திவாரமும் நங்கூரக் குதையாணிகளும் அதற்கேற்பப் பலமாக வேண்டும். ஏற்கெனவே நிற்கும் புகைபோக்கியில் கணக்குப் பாராமல் பட்டி சுற்றுவது ஒரு நோயைத் தீர்த்து இன்னொன்றை வாங்குவதாகும். இரத்மலானையின் கிழக்கே வெரஸ் கங்கைப் பக்கத்தில் நிலம் சதுப்பும் மென்மண்ணுமாக இருப்பதால், மண்ணைத் துளைத்துப் பரிசோதிக்காமல் அத்திவாரத்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது.

துரு உள்ளிருந்தும் வருகிறது, வெளியிலிருந்தும் வருகிறது. உலை எண்ணெயில் உள்ள கந்தகம் எரிந்து, புகை ஏறத்தாழ 120 முதல் 150 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் தகட்டில் கந்தக அமிலமாக வியர்க்கும். எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காகப் புகையின் வெப்பத்தை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சும் கொதிகலன்களில் புகைபோக்கியின் மேற்பகுதி சில வருடங்களிலேயே ஓட்டையாவது இதனால்தான். வெளியே வெப்பக்காப்புச் சுற்றினால் தகடு சூடாகவே நிற்கும், அமிலம் படியாது. வெளிப்பக்கத்தில் கடலுப்பு இருக்கிறது. 304 ரகத் துருப்பிடிக்காத உருக்கும் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 ரகம் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். காப்புப் போர்வைக்குள் மழைநீர் புகுந்து உப்பு தேங்கி, தகடு 60 பாகைக்கு மேல் சூடாகவும் இருந்தால், நல்ல துருப்பிடிக்காத உருக்கே வெடித்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்பில் காப்பின் மேலுறையை நீர் புகாமல் மூடுவது காப்பைவிட முக்கியமான வேலை.

மழைக்காகப் புகைபோக்கியின் வாயில் கூம்புத் தொப்பி வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். தொப்பி புகையைத் தடுத்துக் கீழே திருப்பிவிடுகிறது. கட்டிய உயரத்தின் பயன் அதோடு போய்விடும். வாயைச் சுற்றிச் சற்றே அகலமான இன்னொரு குழாயை நிறுத்தி, அவற்றின் இடைவெளியால் மழைநீர் வடியவிடும் அமைப்பில் புகை நேரே மேலே போகும். அடியில் ஒரு வடிகால் துளையும் இருந்தால் போதும்.

இலங்கையில் பல தொழிற்சாலைகள் உலை எண்ணெயிலிருந்து விறகுக்கு மாறியிருக்கின்றன. சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசிடியா 2005 இல் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. விறகில் கந்தகம் மிகக் குறைவு. ஆனால் தூசியும் தீப்பொறியும் தாரும் கூடுதல். எண்ணெய்க்காகக் கட்டிய புகைபோக்கியில் விறகுப் புகையை விடுவதானால், தீப்பொறி தடுப்பும் தூசிப் பிரிப்பும் சாம்பல் எடுக்கும் கதவும் புதிதாகச் சேர வேண்டும். ஈரவிறகு எரித்தால் தார் உள்ளே படியும். அந்தப் படிவம் பின்னொரு நாள் தீப்பிடிக்கும். இந்த ஓரிடத்தில் புகைபோக்கியின் ஆபத்து எண்ணெய்ப்புகைக் குழாயின் ஆபத்தாக மாறிவிடுகிறது.

உருக்கு சூட்டில் நீளும் என்பதையும் கூரையைத் துளைப்பவர்கள் மறக்கக்கூடாது. 30 மீற்றர் உருக்குக் குழாய் 170 பாகை சூடேறினால் சுமார் 6 சென்ரிமீற்றர் நீள்கிறது. கூரையோடு சேர்த்து வெல்டிங் செய்தால் ஒன்று கூரை கிழியும், அல்லது குழாய் நெளியும். துளையைச் சுற்றி உலோக வளையம் வைத்து, மரச் சலாகைக்கும் குழாய்க்கும் இடைவெளி விட்டு, குழாய் வழுக்கி நகர விட வேண்டும். வருடக்கணக்கில் சூடுபட்ட மரம் கருகி, புதிய மரத்தைவிட எளிதில் தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும்; நேற்றுவரை பிடிக்காத தீ இன்று பிடிப்பதற்கு அது ஒரு காரணம்.

எழுப்பும் வேலையின்போதும் புகைபோக்கி உயிர்களைப் பலிகொள்கிறது. இந்தியாவில் சத்தீஸ்கரின் கோர்பாவில் 2009 செப்தெம்பர் 23 அன்று, மின்நிலையத்துக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 200 மீற்றருக்கு மேற்பட்ட கொங்கிறீட் புகைபோக்கி மின்னலும் மழையுமான நேரத்தில் சரிந்து 40க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். மழைக்கு ஒதுங்கியவர்கள் அடியிலேயே இருந்தார்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி இலங்கையில் வழக்கம். அந்த மாதங்களில் உயரத் தூக்கும் வேலைகளைக் காலையில் முடிப்பதும், முதல் இடிமுழக்கத்தோடு ஆட்களை இறக்கி, புகைபோக்கி விழக்கூடிய ஆரைக்கு வெளியே ஒதுக்குவதும் வேலைத்திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மின்னல் கடத்தியின் நில இணைப்பைக் கடைசியில் கொடுப்பதும் பிழை. முதல் துண்டு நிற்கும்போதே அது இணைந்திருக்க வேண்டும்.

சமையற்கட்டுக்கு வந்தால் அளவுகள் சிறியவை, ஆபத்து நெருக்கமானது. சட்டியில் கொதிக்கும் எண்ணெய் ஆவியாகவும் நுண்துளியாகவும் மேலே ஏறுகிறது. அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் கூடான ஹூட்டில் உள்ள வடிகட்டி அதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது. மிச்சம் குழாயில் படிகிறது. குளிர்ந்த நாடுகளில் இந்தப் பிசுக்கு மெழுகுபோல் உறைந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் உறைவது ஏறத்தாழ 24 பாகையில். கொழும்பின் வெப்பத்தில் அது பெரும்பாலும் திரவமாகவே இருக்கிறது. அதனால் வழிகிறது. எங்கே மூட்டு இறுகவில்லையோ அங்கே கசிந்து, கீழ்க்கூரையின் பலகையில் ஊறி, மின்கம்பியில் சொட்டுகிறது. சூரியகாந்தி, நல்லெண்ணெய் போன்றவை காற்றுப்பட்டு வார்னிஷாக இறுகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்; அவற்றைச் சுரண்டித்தான் எடுக்க முடியும். வடையும் றோல்ஸும் பொரித்து, மறுபக்கத்தில் கொத்து ரொட்டித் தகடும் வைத்திருக்கும் கடையின் குழாயில் இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும்.

தீ தொடங்குவது பெரும்பாலும் சட்டியில். சமையல் எண்ணெய்கள் ஏறத்தாழ 360 பாகையைத் தாண்டும்போது பொறியே இல்லாமல் தாமாகத் தீப்பற்றும். சுவாலை வடிகட்டியைத் தாண்டிக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால், உறிஞ்சு விசிறி கொல்லன் துருத்திபோல அதற்குக் காற்றூட்டும். குழாய்க்குள் வெப்பம் 1,000 பாகையையும் தொடக்கூடும். அந்த வெப்பத்தில் தகட்டு மூட்டில் வைத்த சிலிக்கன் எரியும், ஈயப் பற்று உருகும், அலுமினியம் உருகும். கல்வனைஸ் தகட்டின் நாகப்பூச்சு 420 பாகைக்கு முன்பே உருகிவிடும். பி.வி.சி. குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வீதியோரக் கடைகளில் இன்னமும் காணக்கூடிய நெகிழ் அலுமினியக் குழாயும், றிவெற் அடித்துப் பசை பூசிய மெல்லிய தகடும் உண்மையில் எண்ணெய்ப்புகைக் குழாய்கள் அல்ல. குளிர்காற்றுக்கான பொருட்கள் தவறான இடத்தில் நிற்கின்றன.

இத்துறையில் உலகெங்கும் அதிகம் எடுத்தாளப்படுவது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 96 ஆம் இலக்க நியமம். குழாய் குறைந்தது 1.37 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண உருக்காகவோ 1.09 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்க வேண்டும். மூட்டுகள் எல்லாம் வெளிப்பக்கத்தில் இடைவெளியின்றி, திரவம் கசியாதபடி வெல்டிங் செய்யப்பட வேண்டும் என்று அது கேட்கிறது. வெல்டிங் பாஸ் ஒருவர் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்துவிட்டு மிச்சத்தைப் பசையால் மூடினால், கண்ணுக்கு வேலை முடிந்ததாகத் தெரியும். தீக்கு அது திறந்த கதவு. எரியக்கூடிய பொருளிலிருந்து குழாய் 457 மில்லிமீற்றர், அதாவது ஒன்றரை அடி தள்ளி ஓட வேண்டும். அவ்வளவு இடம் இல்லாத கட்டடங்களில், தீயைத் தாங்கும் எனச் சான்று பெற்ற காப்புப் போர்வையால் குழாயைச் சுற்ற வேண்டும்.

கிடையாக ஓடும் துண்டு ஹூட் பக்கமாக அல்லது ஒரு சேகரிப்புத் தொட்டி பக்கமாகச் சரிய வேண்டும். நூறுக்கு இரண்டு என்ற சரிவு போதும், மிக நீளமான ஓட்டத்துக்கு எட்டு. பள்ளமாகத் தொங்கும் இடம் எண்ணெய்க் குளமாகும். ஒவ்வொரு வளைவிலும், கிடை ஓட்டத்தில் ஒவ்வொரு 3.7 மீற்றருக்கும் ஒரு துப்புரவுக் கதவு வேண்டும். இந்தக் கதவுகள்தான் முழு அமைப்பின் உயிர். பளபளக்கும் ஹூட்டுக்கு இலட்சக்கணக்கில் செலவழிக்கும் கடைக்காரர் கதவுக்கு வரும்போது கணக்குப் பார்க்கிறார். கதவு இல்லாத குழாயைத் துப்புரவு செய்பவர் கை எட்டும் தூரத்தைத் துடைத்துவிட்டு, எட்டாத தூரத்துக்கும் சேர்த்துப் பற்றுச்சீட்டு எழுதுகிறார். குளிர்சாதனக் குழாய்களில் வைக்கும் தானியங்கித் தீத்தடுப்பு மூடியை இங்கே சாதாரணமாக வைக்கக்கூடாது. பிசுக்கு பிடித்த மூடி தீயின்போது மூடாது, மற்ற நேரத்தில் பிசுக்கைத் தேக்கும்.

கம்பிவலை வடிகட்டிக்கும் இங்கே இடமில்லை. எண்ணெய் ஊறிய வலை தானே திரியாக எரியும். குறுக்குத் தகடுகள் கொண்ட வடிகட்டியில் காற்று திரும்பித் திரும்பி ஓடும்போது எண்ணெய்த் துளிகள் தகட்டில் மோதி வடியும். அதை 45 பாகைக்குக் குறையாத சாய்வில் வைத்தால் எண்ணெய் தொட்டிக்குள் இறங்கும். பொரிக்கும் சட்டிக்கும் பக்கத்து அடுப்பின் சுவாலைக்கும் இடையே 406 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். நெருக்கமான சமையற்கட்டில் அதற்குப் பதிலாக 203 மில்லிமீற்றர் உயர உருக்குத் தடுப்பு வைக்கலாம். காற்றுக் கணக்கில் ஒன்று மட்டும் இங்கே முக்கியம்: விசிறி வெளியே தள்ளும் அளவுக்குப் புதுக்காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். கதவு யன்னலை அடைத்துக் குளிரூட்டிய கடையில் விசிறி வெற்றிடத்தை உண்டாக்கினால், வெந்நீர்க் கொதிகலனின் புகைபோக்கி தலைகீழாக இழுத்து நச்சுவாயுவைச் சமையற்கட்டுக்குள் கொண்டுவரும்.

2022 இல் இலங்கையில் சமையல் எரிவாயு கிடைக்காமல்போன மாதங்களில் பல சாப்பாட்டுக் கடைகள் விறகடுப்புக்குத் திரும்பின. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் எரிவாயு அடுப்புக்கென்று கட்டிய ஹூட்டின் கீழ் விறகு எரிந்தபோது, தீப்பொறிகள் எண்ணெய் படிந்த குழாய்க்குள்ளேயே ஏறின. விறகு, கரி அடுப்பின் புகைக்குத் தனிக்குழாய் வேண்டும், மற்ற அடுப்புகளின் குழாயோடு அதைச் சேர்க்கக்கூடாது என்பது அதே அமெரிக்க நியமத்தின் உறுதியான விதி. கரி அடுப்புக்கும் வடிகட்டிக்கும் இடையே 1.2 மீற்றர் இடைவெளியும் கேட்கப்படுகிறது. எரிபொருளை மாற்றும் எவரும் முதலில் குழாயைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். நெருக்கடியில் இதைச் சொல்ல ஓர் அறிவித்தலாவது தேவைப்பட்டது.

மறைவான பிசுக்கு என்ன செய்யும் என்பதற்கு பொஸ்ரன் நகரம் சாட்சி. 2007 ஓகஸ்ட் 29 அன்று அங்குள்ள ஓர் உணவகத்தில் குழாயில் தொடங்கிய எண்ணெய்த் தீ தொங்கு கூரைக்கு மேலே யாருக்கும் தெரியாமல் பரவியிருந்தது. கீழே கடை ஏறக்குறைய சாதாரணமாகத் தெரிய, உள்ளே நுழைந்த தீயணைப்பு வீரர்கள் இருவர் திடீரென்று வெடித்திறங்கிய தீயில் மாண்டார்கள். காலி வீதியோரம் ஒட்டி ஒட்டி நிற்கும் கட்டடங்களிலும், கொட்டாஞ்சேனையில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய மனைகளிலும் இதே பயம் உண்டு. ஒருவர் கடையின் குழாய் இன்னொருவர் வீட்டின் ஊடாகப் போகுமானால், அது தீயைத் தாங்கும் தனிக் கூண்டுக்குள் ஓட வேண்டும்; நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்தில் ஒரு மணி நேரம், நான்கும் அதற்கு மேலும் என்றால் இரண்டு மணி நேரம் தாங்கும் சுவர் தேவை. குழாயின் வாய் கூரைக்கு மேல் ஒரு மீற்றராவது உயர்ந்து, அயல் கட்டடத்திலிருந்தும் காற்று உள்ளே வரும் வாயில்களிலிருந்தும் மூன்று மீற்றராவது விலகியிருக்க வேண்டும். பின்சந்தில் பக்கத்து வீட்டு யன்னலைப் பார்த்து ஊதும் குழாய் மணத்தால் மட்டும் தொல்லை தருவதல்ல. தீப்பிடித்தால் சுவாலை வெளியேறும் வழியும் அதுவே.

எரியும் எண்ணெயில் நீர் ஊற்றினால், ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவியாகப் பொங்கி எரியும் எண்ணெயைச் சுற்றிலும் வீசியடிக்கும். இதற்கென்று உள்ள திரவம் பொற்றாசியம் உப்புகளின் கரைசல். அது சூடான கொழுப்போடு சேர்ந்து சவர்க்கார நுரையாகி எண்ணெயை மூடிக் குளிர்விக்கிறது. ஹூட், குழாயின் வாய், ஒவ்வொரு சட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனியே குறிபார்த்த முனைகளிலிருந்து அது பாயும்போது எரிவாயு வால்வும் மின்சாரமும் தாமே அடைபட வேண்டும். இல்லாவிட்டால் அணைந்த எண்ணெய் மீண்டும் பற்றும். கையால் இழுக்கும் பிடி, அடுப்பருகில் அல்லாமல் வெளியேறும் வழியில் இருக்க வேண்டும். இந்த அமைப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்.

துப்புரவின் இடைவெளியை அடுப்புதான் தீர்மானிக்கிறது. விறகு, கரி என்றால் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். காலை முதல் இரவு வரை பொரிக்கும் கடைக்கு மூன்று மாதம். அளவாகச் சமைக்கும் இடத்துக்கு ஆறு மாதம். எப்போதாவது சமைக்கும் கோவில் மடைப்பள்ளி, சன மண்டபம் போன்றவற்றுக்கு வருடம் ஒருமுறை. பிரித்தானிய வழிகாட்டியின்படி தகட்டில் படிந்த பிசுக்கின் சராசரித் தடிப்பு 200 மைக்குரோமீற்றரை, அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொன்றைத் தாண்டக்கூடாது. பல்லுச் சீப்புப் போன்ற ஒரு சிறு அளவுகோலால் இதை அளந்துவிடலாம், விலை அற்பம்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொழும்பு மாநகர சபையின் எல்லைக்குள், இரத்மலானை தெஹிவளை–கல்கிசை மாநகர சபையின் எல்லைக்குள் வருகின்றன. பெரிய கட்டடங்களின் வரைபட அனுமதியின்போது தீயணைப்புப் பிரிவின் இணக்கம் கேட்கப்படுகிறது. ஆனால் ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில் துணிக்கடை சாப்பாட்டுக் கடையாக மாறும்போதுதான் மோசமான குழாய்கள் உருவாகின்றன. வாடகை ஒப்பந்தம் எழுதுமுன் குழாய் கூரைவரை போக வழி உண்டா என்று பார்ப்பதே அங்கே முதல் பாதுகாப்பு வேலை.

புதிய குழாயைக் காப்புப் போர்வையால் மூடுமுன் சோதிக்க வேண்டும். இருட்டில் 100 வாற்று மின்குமிழ் ஒன்றைக் குழாய்க்குள் முழு நீளத்துக்கும் இழுத்து, வெளியே ஒளி தெரியும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து, மறுபடி வெல்டிங் செய்து, மறுபடி சோதிப்பது மலிவான முறை. அழுத்த நீரால் உள்ளே கழுவி வெளியே கசிவு பார்ப்பதும் ஏற்கப்படும். சோதனை முடிந்த பிறகு குழாய் ஓடும் பாதையும் துப்புரவுக் கதவுகளின் இடமும் வால்வுகளும் குறித்த வரைபடம் ஒன்று கடைக்காரரிடமும், கட்டட உரிமையாளரிடமும், துப்புரவு செய்ய வருபவரிடமும் இருக்க வேண்டும். கடை கை மாறும்போது அந்த வரைபடமும் துப்புரவுப் பதிவேடும் சாவியோடு சேர்த்துக் கையளிக்கப்பட வேண்டும்.